சேலத்து வெயில், ஏற்காட்டு மழை

கோடையில் சென்னை வானிலை ஆய்வு மையம் வெளியிடும் அறிக்கையில் ஒரு வரி தவறாமல் இருக்கும். வெப்பச்சலனம் காரணமாக உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் மழை பெய்யலாம் என்று. சேலத்துக்காரர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் தார் இளகிக் கிடக்கும், தலைக்கு மேலே பொட்டு மேகம் இருக்காது. ஆனால் அன்று சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் பஸ்ஸைப் பாருங்கள். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும், ஜன்னல் ஷட்டர்கள் அத்தனையும் மூடியிருக்கும். அறிக்கை சொன்ன ஓரிரு இடங்களில் ஓர் இடம் மேலே இருக்கிறது, அவ்வளவுதான்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே பெய்கிற மழை, கீழே சேலத்தில் ஏன் பெய்யவில்லை என்பது நியாயமான கேள்வி. அந்த மழையைத் தயாரித்ததில் சேலத்து வெயிலுக்குப் பெரும் பங்கு உண்டு என்று சொன்னால் சேலத்துக்காரர்களுக்கு எரிச்சல் கூடத்தான் செய்யும்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டரையும் தாண்டும். நடுவில் ஏறத்தாழ 1,235 மீட்டர் வித்தியாசம். மலைக்குப் போனால் குளிரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குளிர வேண்டும் என்று கணக்குப் போட்டால்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

சூரிய ஒளி காற்றை நேரடியாகச் சூடாக்குவது கொஞ்சம்தான். அது தரையைச் சூடாக்குகிறது, தரை தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று லேசாகி மேலே எழும்புகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் அது விரிகிறது, விரிவதற்குத் தன் வெப்பத்தையே செலவழித்துக் குளிர்கிறது. மேகமாகாத காற்று ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 9.8 டிகிரி இழக்கும். இது இயற்பியல் விதித்த கட்டணம், பேரம் கிடையாது. சேலத்தில் மதியம் 38 டிகிரி என்றால், அந்தக் காற்று ஏற்காட்டின் உயரத்துக்கு ஏறும்போது 12 டிகிரி இழந்து 26-க்கு வந்திருக்க வேண்டும். சேலத்துக்கு மேலே வெட்டவெளியில், அந்த உயரத்தில், கிட்டத்தட்ட அந்த வெப்பநிலைதான் இருக்கும்.

ஆனால் அதே மதியம் ஏற்காட்டில் வெப்பமானி 29, 30 காட்டும்.

மிச்சம் மூன்று, நான்கு டிகிரி எங்கிருந்து வந்தது? மலையின் மேற்பரப்பும் ஒரு தரைதானே. அதன் மேலும் வெயில் அடிக்கிறது, அது தன் காற்றைத் தானே சூடாக்கிக்கொள்கிறது. சுற்றியுள்ள வானத்தில் அதே உயரத்தில் இருக்கும் காற்றைவிட மலை மேல் இருக்கும் காற்று சூடானது. குளிருக்காக நாம் தேடிப் போகிற ஊர், வானத்தின் கணக்கில் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் மூட்டி வைத்த அடுப்பு.

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலைக்கு இதில் ஒரு தனித்தன்மை உண்டு. நீலகிரி மாதிரி நீண்ட மலைத்தொடரோடு ஒட்டிக் கிடக்கும் மலை இல்லை இது. கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது ஆகியவற்றைப் போல, கிழக்குத் தொடர்ச்சி மலையின் உதிரித் துண்டுகளில் ஒன்று. சுமார் 380 சதுர கிலோமீட்டர் பரப்பு, சுற்றிலும் சமவெளி. எனவே மதியத்தில் எல்லாச் சரிவுகளிலும் காற்று மேல்நோக்கி ஏறுகிறது. சேலம் பக்கமிருந்தும், தர்மபுரி பக்கமிருந்தும், அரூர் பக்கமிருந்தும் ஏறி வந்த காற்று உச்சியில் ஒன்றோடொன்று மோதுகிறது. மோதியபின் போக ஒரே வழிதான், மேலே. சமவெளிக்காரர்கள் வெறும் வெப்பத்தை நம்பிக் காத்திருக்கும் வேளையில், மலை தன் வடிவத்தாலேயே காற்றைத் தூக்கிவிடுகிறது.

சூடு மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். மார்ச் மாதம் முழுக்க நல்ல வெயில் அடித்தும் வானம் வெறும் நீலமாக இருப்பது இதனால்தான். ஏப்ரல் நெருங்கும்போது கீழடுக்குக் காற்று மாறத் தொடங்குகிறது. தென்கிழக்கே வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது, மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வேறொரு காற்று வருகிறது. இரண்டும் சந்திக்கும் கோடு தமிழக உள் மாவட்டங்களின் மேல் வடக்கு தெற்காக நீண்டு, இப்படியும் அப்படியும் நகர்ந்துகொண்டே இருக்கும். வானிலை அறிக்கை இதைக் காற்றின் திசை மாறுபாடு என்று குறிப்பிடும். மே மாதக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் ஈரம் எட்டிப் பார்க்கும்.

ஈரம் வந்துவிட்டதை வெப்பமானிக்கு முன்னால் உடம்பு கண்டுபிடித்துவிடும். 38 டிகிரி உலர்ந்த வெயிலைவிட 36 டிகிரி புழுக்கம் நம்மை அதிகமாகப் படுத்தும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. ‘இன்னிக்கு மழை வரும் போலிருக்கு, ஒரே புழுக்கமா இருக்கு’ என்று திண்ணையில் சொல்லப்படும் ஆரூடத்தில் முறையான இயற்பியல் இருக்கிறது.

மேகம் எந்த உயரத்தில் கட்டும் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. காற்றின் வெப்பநிலைக்கும், அதில் பனி படியத் தொடங்கும் வெப்பநிலைக்கும் (பனிநிலை) உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரிக்கு 125 மீட்டர். சேலத்தில் 38 டிகிரி, பனிநிலை 22 டிகிரி என்றால் வித்தியாசம் 16, பெருக்கினால் 2,000 மீட்டர். சேலத்துக்காரருக்கு மேகத்தின் அடிப்பாகம் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஏற்காட்டுக்காரருக்கோ முக்கால் கிலோமீட்டர்தான், தலைக்கு மேலே கைக்கெட்டும் தூரத்தில் என்று சொல்லிவிடலாம். சுற்றுலா வந்தவர்கள் ஏரிப் படகுத்துறையில் நின்று மேகத்தைப் போட்டோ எடுப்பது ஏன் என்று இப்போது புரியும்.

மே மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணியிலிருந்து ஏற்காட்டில் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் முழு நாடகமும் கிடைக்கும். பதினொரு மணி வாக்கில் உச்சிக்கு மேலே துண்டு துண்டாக வெள்ளை மேகங்கள் தோன்றும். அடிப்பாகம் மட்டும் ரசமட்டம் வைத்தது போல நேராக இருக்கும், ஏனென்றால் எல்லாத் துண்டுகளுக்கும் குளிரும் உயரம் ஒன்றே. பாதி துண்டுகள் பத்து நிமிடத்தில் கரைந்துபோகும். பன்னிரண்டு மணிக்கு மேல் கரைகிறவை குறையும், வளர்கிறவை கூடும். விளிம்பைக் கவனியுங்கள்: கூர்மையாக, முண்டும் முடிச்சுமாகத் திரண்டு மேலே பொங்கிக்கொண்டிருந்தால் மேகம் இன்னும் நீர்த்துளிகளால் ஆனது, உயிரோடு வளர்கிறது. அந்த விளிம்பு மங்கி, இழை இழையாகக் கலைந்து, தலைப்பகுதி தட்டையாகப் பரவ ஆரம்பித்தால் உச்சி பனிக்கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். அதன்பின் குடை இல்லாமல் வெளியே போகக் கூடாது.

இந்த வளர்ச்சிக்கு எரிபொருள் நீராவி. நீராவி துளியாகும்போது தன்னை ஆவியாக்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஒரு கிலோ தண்ணீருக்கு ஏறத்தாழ 25 லட்சம் ஜூல். அந்த வெப்பம் மேகத்தை அதன் சுற்றுக்காற்றைவிடச் சூடாக வைத்திருக்கிறது, சூடாக இருப்பதால் அது இன்னும் ஏறுகிறது, ஏறுவதால் இன்னும் துளிகள். அளவைப் புரிந்துகொள்ள மேட்டூருக்குப் போவோம். ஒரு சதுர கிலோமீட்டரில் 25 மில்லிமீட்டர் மழை என்றால் 25,000 டன் தண்ணீர். அது ஆவியிலிருந்து நீரானபோது வெளியிட்ட வெப்பம் கிட்டத்தட்ட 1.7 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமம். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பழைய நான்கு அலகுகள், மொத்தம் 840 மெகாவாட், ஒரு நாள் முழுக்க நிற்காமல் ஓடினால் 2 கோடி யூனிட் வரும். ஏற்காடு ஏரியைச் சுற்றி முக்கால் மணி நேரம் பெய்துவிட்டு ஓய்கிற மழையின் கணக்கு இது.

இந்த 25,000 டன்னில்தான் சேலத்துக்காரரின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பனிநிலை 22 டிகிரியாக இருக்கும் காற்றில், தரையருகே ஒரு கன மீட்டருக்கு சுமார் 18 கிராம் நீராவி இருக்கும், மேலே போகப் போகக் குறையும். சராசரி 15 கிராம் என்று வைத்தால், ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு உள்ள காற்றில் மொத்தம் 30,000 டன். மேகத்துக்குள் போகும் நீராவி முழுவதும் மழையாவதில்லை. பெரும் பகுதி மேலே சிதறியும், விழும் வழியிலேயே ஆவியாகியும் போய்விடும். அப்படியானால் ஓர் இடத்தில் நல்ல மழை பெய்ய, சுற்றுவட்டாரத்தில் பல சதுர கிலோமீட்டரின் ஈரத்தை மேகம் உறிஞ்சி இழுத்தாக வேண்டும். இழுக்கிறது. அத்துடன் மேலே போன காற்றுக்கு ஈடாக மேகத்தைச் சுற்றிலும் காற்று மெல்லக் கீழிறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகும், காயும், அங்கே முளைக்கப் பார்க்கும் குட்டி மேகங்களை நசுக்கிவிடும். ஏற்காட்டில் பெய்கிறது, அதனாலேயே பக்கத்தில் பெய்யவில்லை. ஓரிரு இடங்களில் என்ற சொல்லைத் தப்பித்துக்கொள்வதற்கான சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. வானிலைத் துறையில் அது ஓர் அளவு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவான நிலையங்களில் மழை பதிவாகும் என்று பொருள். கோடை இடிமழையின் இயல்பே அதுதான்.

சில நாட்களில் எல்லாம் இருந்தும் ஒன்றும் நடக்காது. வெயில், புழுக்கம், மலை எல்லாம் தயார், ஆனால் இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்தில் சூடான உலர்ந்த காற்று ஒன்று மூடி போல் படுத்திருக்கும். கீழிருந்து வரும் காற்று அதைத் தாண்ட முடியாமல் முட்டி நிற்கும். கத்திரி வெயிலின் மிகக் கொடிய நாட்கள் பெரும்பாலும் இந்த மூடி நாட்கள்தான். ஏப்ரல் 21 வாக்கில் நண்பகல் சூரியன் ஏற்காட்டுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஆனால் அந்தக் கத்திரி, அதாவது அக்னி நட்சத்திரம், தொடங்குவதோ மே 4 வாக்கில், முடிவது 28 வாக்கில். சூரியன் தலைக்கு மேலிருந்து வடக்கே நகர்ந்த பிறகும் தரை சேர்த்து வைத்த வெப்பம் தீராது. பஞ்சாங்கம் இதைக் கவனித்திருக்கிறது. 2024-இல் கோடை எல்லை மீறியது. ஏப்ரல் 29 அன்று ஊட்டியிலேயே 29 டிகிரி பதிவானது. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்ட பிறகே வெப்ப அலை பற்றிப் பேசும் வானிலைத் துறை, மலை ஊர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு 30.

மூடி உடையும் நாளில் மேகம் 12, 14 கிலோமீட்டர் வரை போய்விடும். கோடையில் இங்கே தண்ணீர் உறையும் உயரம் சுமார் 5 கிலோமீட்டர். அதற்கு மேலே மேகத்துக்குள் இரண்டு வகைப் பனி இருக்கிறது: லேசான பனித்துகள்களும், உறைந்த துளிகள் ஒட்டி ஒட்டிப் பருத்த சிறு குருணைகளும். துகள்கள் மேலே பறக்கின்றன, குருணைகள் கனத்தால் பின்தங்குகின்றன. இரண்டும் உரசும்போது மின்னூட்டம் கைமாறுகிறது. குருணைகள் பெரும்பாலும் எதிர் மின்னூட்டத்தோடு மேகத்தின் நடுப்பகுதியில் தங்கும், துகள்கள் நேர் மின்னூட்டத்தோடு உச்சிக்குப் போய்விடும். இந்தப் பிரிவினை தாங்க முடியாத அளவுக்குப் போனால் காற்றைக் கிழித்துக்கொண்டு மின்னல். அதன் பாதையில் காற்று நொடியின் சிறு பகுதிக்குள் 30,000 டிகிரி வரை சூடாகி வெடிக்கிறது, அதுவே இடி. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று எண்ணிக்கொள்ளலாம். எண்ணிக்கை முப்பதுக்குக் கீழே இருந்தாலே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். இந்தியாவில் ஆண்டுக்கு 2,500-க்கும் மேற்பட்டவர்கள் மின்னல் தாக்கி இறக்கிறார்கள், பெரும்பாலும் வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று வளர்பவை. மழைக்கு அவற்றின் அடியில் ஒதுங்குவதைவிட நனைவது மேல்.

குருணை இன்னும் பருத்தால் ஆலங்கட்டி. ஏற்காட்டில் கோடையில் ஆலங்கட்டி விழும், குழந்தைகள் தட்டில் பொறுக்குவார்கள். அதே மேகம் சேலத்தின் மேல் நின்றால் பெரும்பாலும் வெறும் கொழுத்த மழைத்துளிதான். உறைநிலையிலிருந்து ஏற்காட்டுக்கு மூன்றரை கிலோமீட்டர் பயணம், சேலத்துக்கு நாலே முக்கால். கூடுதல் தூரத்தில், கூடுதல் வெப்பத்தில் கட்டி கரைந்துவிடுகிறது.

சேலத்துக்கு வேறு ஒன்று வந்து சேரும். மழை விழும் வழியில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. கனத்த குளிர்காற்று சரிவில் சரிந்து இறங்கிச் சமவெளியில் பரவுகிறது. மழையே இல்லாமல் திடீரென்று புழுதி கிளம்பி, கடை போர்டுகள் ஆடி, பத்து நிமிடத்தில் சூடு தணிந்தால் மேலே எங்கோ கொட்டுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். இந்தக் குளிர்காற்றின் முகப்பு, தன் வழியில் உள்ள சூடான ஈரக்காற்றை நெம்பித் தூக்கும். ஏழு மணிக்கு மேல் சேலத்தில் ஒருவேளை பெய்கிற மழை, பல நாட்களில் இப்படி மலை மழை பெற்ற பிள்ளை.

மேலே ஏற்காட்டில் இந்தக் கோடை மழைக்காகக் கடவுளை வேண்டிக்கொண்டு காத்திருப்பவர்கள் காப்பிக்காரர்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்பது ஊர் வரலாறு. அராபிகா செடி குளிர்காலம் முடிவதற்குள் மொட்டுகளை உருவாக்கிவிட்டு, அவற்றைப் பூட்டி வைத்துவிடுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி அவற்றைப் பக்குவப்படுத்தும். பிறகு ஒரு கோடை மழை. ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர், பெய்து வேரை நனைத்து, வெப்பநிலையைச் சட்டென்று இறக்கினால் பூட்டு திறக்கும். எட்டு முதல் பத்து நாட்களில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும், மல்லிகையைத் தோற்கடிக்கும் வாசனையோடு. இரண்டு மூன்று நாட்களில் உதிர்ந்தும் விடும். சிக்கல் என்னவென்றால் மழை அரைகுறையாகப் பெய்தால் மொட்டு பாதியில் விரிந்து வீணாகும். பூத்திருக்கும் நாளிலேயே கொட்டினால் மகரந்தம் கரையும். பூ உதிர்ந்து சில வாரத்துக்குள் இரண்டாவது மழை வராவிட்டால் பிஞ்சு நிற்காது. ஒரு தோட்டத்தில் அங்குலக் கணக்கில் பெய்து, ஒரு மைல் தள்ளி உள்ள தோட்டத்தில் தூறலோடு போய்விடும் மழையை நம்பி ஓர் ஆண்டு வருமானம் தொங்குகிறது. நமக்கு இருப்பது போல் அவர்களுக்கு ஓரிரு இடங்களில் என்ற சொல் நகைச்சுவையாக இல்லை.

அந்த ஓர் இடத்தை முன்கூட்டியே சொல்ல முடியாதா? கணினி முன்கணிப்புகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. நீண்ட நாள் பயன்பாட்டில் இருந்த இந்திய உலகளாவிய முன்கணிப்பில் ஒரு கட்டம் சுமார் 12 கிலோமீட்டர். சேர்வராயன் மலை முழுவதும் இரண்டு மூன்று கட்டத்துக்குள் அடங்கிவிடும், சரிவும் உச்சியும் சராசரியாகிக் குட்டி மேடாகத் தெரியும். 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்கணிப்பு அமைப்பில் கட்டம் 6 கிலோமீட்டர். மலை பத்துக் கட்டமாகிறது. முன்னேற்றம்தான், ஆனால் ஓர் இடிமேகத்தின் குறுக்களவே ஐந்து பத்து கிலோமீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே மிச்சம் இருப்பது பிறந்த மேகத்தைக் கண்ணால் பார்த்து, அடுத்த மூன்று மணி நேரத்துக்கு எச்சரிப்பது. அதற்கு ரேடார். பூமி உருண்டை என்பதால் ரேடார் கற்றை தூரம் போகப் போகத் தரையிலிருந்து உயர்ந்துகொண்டே போகும். சென்னையிலிருந்து அரை டிகிரி சாய்வில் புறப்படும் கற்றை, 265 கிலோமீட்டர் தள்ளி ஏற்காட்டுக்கு வரும்போது ஆறரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். காரைக்கால் ரேடார் 200 கிலோமீட்டர், கற்றை 4 கிலோமீட்டருக்கு மேல். மேகத்தின் அடிப்பாகம் இரண்டேகால் கிலோமீட்டரில் இருக்கிறது. மேகம் பிறந்து, வளர்ந்து, நான்கு கிலோமீட்டரைத் தாண்டிய பிறகுதான் கரையோர ரேடார்களுக்கு அது தெரிய வரும். தமிழக அரசு புதிதாக இரண்டு டாப்ளர் ரேடார்களைத் திட்டமிட்டபோது ஒன்றுக்கு ராமநாதபுரத்தையும் இன்னொன்றுக்கு ஏற்காட்டையும் தேர்ந்தெடுத்ததன் அருமை இங்கேதான். மலை மேலிருந்து கிளம்பும் கற்றை 60 கிலோமீட்டர் தள்ளி, நாமக்கல், ஈரோடு, தர்மபுரி மாவட்டங்களின் வானத்தில், ஏறத்தாழ இரண்டேகால் கிலோமீட்டர் உயரத்தில் போகும். கோடை மேகம் அடி எடுத்து வைக்கும் உயரமும் அதுவே.